அப்பா பொட்டிக்கு ராம் மாத்தின கதை

பொழப்புக்குப் பொட்டி தட்டுறவன் நான். ஆபீஸ்ல ஒரு சர்வர் மெதுவா ஓடுதுன்னு யாராவது கத்தினா, ஒரு பைலைத் திறந்து 32-ங்கறதை 64-ன்னு மாத்திட்டு டீ குடிக்கப் போயிடுவேன். திரும்பி வர்றதுக்குள்ள, எந்த ஊர்ல இருக்குன்னே தெரியாத ஒரு கட்டடத்துல 64 ஜிபி மெமரியோட புது மெஷின் ஒண்ணு எந்திரிச்சு நிக்கும். அந்த மெமரி கருப்பா சிவப்பான்னு கூட நான் பார்த்தது கிடையாது. அஞ்சு வருஷமா இதுதான் வேலை. மெமரியைக் கையால தொட்டதே இல்லை.

தொட்டதே இல்லைன்னு சொன்னா அது பொய். ஒரு தடவை தொட்டிருக்கேன். அதுக்கு அப்புறம் வர்றேன்.

2025 டிசம்பர்ல ஒரு ராத்திரி அப்பா போன் பண்ணினார். வழக்கமா அம்மாதான் பேசும், அப்பா பின்னாடி இருந்து "சாப்பிட்டானான்னு கேளு" மட்டும் சொல்லுவார். அன்னிக்கு அவரே நேரா லைனுக்கு வந்துட்டார்.

"யப்பா, பொட்டி ரொம்ப மெதுவா இருக்குடா. ஒரு எழுத்து அடிச்சா மூணாவது எழுத்து அடிக்கும்போதுதான் மொத எழுத்து வருது. தை மாசத்துக்கு பதினோரு பத்திரிகை கைல இருக்கு. பொங்கலுக்கு வர்றப்ப கொஞ்சம் பாரு."

அப்பா சிவகாசியில கம்போஸிட்டரா வேலைக்குச் சேர்ந்தவர். 1980-கள்ல ஈய எழுத்து கோத்தவர், அப்புறம் ஆப்செட் வந்து ஊரே மாறினப்ப அவரும் டிடிபிக்கு மாறிட்டார். இப்ப ரிட்டையர் ஆகி, வீட்டுலயே கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணி அச்சகத்துக்குக் குடுக்குறார். காசுக்காக மட்டுமில்லை, சும்மா இருக்கத் தெரியாது அவருக்கு.

அந்தப் பொட்டி 2010-ல வாங்கினது. நான் அப்ப எட்டாவது. அப்பாவோட தீபாவளி போனஸும் அம்மா போட்ட சீட்டுப் பணமும் சேர்ந்து வந்த பொட்டி. கோர் 2 டுவோ, ஜி41 மதர்போர்டு, 2 ஜிபி டிடிஆர்3 ராம். அன்னிக்கு எங்க தெருவுக்கே அது அதிசயம்.

"புது லேப்டாப் வாங்கித் தர்றேன்பா"ன்னு நாலு வருஷமா சொல்லிட்டிருக்கேன். வேண்டாம்னுடுவார். இதைப் படிக்கிற பல பேருக்கு காரணம் புரியும்னு நினைக்கிறேன். அவரோட பைல் அத்தனையும் பேஜ்மேக்கர் 7-ல இருக்கு, யூனிகோடுக்கு முந்தின எழுத்துருக்கள்ல. புது மெஷின்ல அந்த எழுத்துரு இல்லாம திறந்தா "திருநிறைசெல்வன்" இருக்க வேண்டிய இடத்துல ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமா கொட்டிக் கிடக்கும். பதினஞ்சு வருஷப் பத்திரிகை எல்லாம் அதுல இருக்கு. அக்காவுக்குப் பத்திரிகை அடிச்ச அதே வீட்டுக்காரங்க தங்கச்சிக்கு வரும்போது, பழைய பைலைத் திறந்து பேரையும் தேதியையும் மாத்திக் குடுக்கறதுதான் அவர் தொழில் ரகசியம்.

சரி, பொட்டியை மாத்த முடியாது. ராமையாவது கூட்டுவோம்னு முடிவு பண்ணினேன்.

வியாதி என்னன்னு எனக்குத் தெரியும். விண்டோஸ் 10, அதுவும் 32 பிட். 2016-ல இலவசமா கிடைக்குதுன்னு சர்வீஸ்காரர் ஏத்திக் குடுத்தது. பேஜ்மேக்கர் பாவம், 2001-ல வந்த மென்பொருள், அதுக்கு 2 ஜிபி எல்லாம் கடல். ஆனா பத்திரிகை மேட்டர் இப்ப வாட்ஸப்ல வருது, போட்டோ மெயில்ல வருது. பிரவுசரைத் திறந்து நாலு டேப் போட்டா 2 ஜிபி ஸ்வாகா. அதுக்கு மேல வர்றதையெல்லாம் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்ல கொண்டு போய் வைக்கும், வேணுங்கறப்ப திரும்ப எடுத்துட்டு வரும். ராம்ல இருந்து ஒரு விஷயத்தை எடுக்க கிட்டத்தட்ட 100 நானோ செகண்டுன்னு வெச்சுக்கங்க. சுத்துற டிஸ்க்ல இருந்து எடுக்க 10 மில்லி செகண்ட் ஆகும். அதாவது ஒரு லட்சம் மடங்கு. ராம் ஒரு செகண்ட் எடுத்துக்கற வேலைக்கு டிஸ்க் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போய் அதுக்கு மேல மூணே முக்கால் மணி நேரமும் எடுத்துக்கும். எழுத்து ஏன் லேட்டா வருதுன்னு இப்ப புரியுதா?

(எஸ்எஸ்டி போடலாமேன்னு கை தூக்குறவங்களுக்கு: போடலாம், அடுத்த தடவை போடுவேன். ஆனா மேசையே பத்தாதவனுக்குப் பரணை மட்டும் கிட்ட கொண்டு வந்து வெச்சா பாதி வேலைதான் ஆகும்.)

நான் தேடின நேரமும் ஒரு நேரம். ஏஐ டேட்டா சென்டருக்கெல்லாம் மெமரி போய்ச் சேர, 2025 கடைசியில டிடிஆர்4, டிடிஆர்5 விலையெல்லாம் ராக்கெட் விட்டுச்சு. மைக்ரான் கம்பெனி தன்னோட க்ரூஷியல் நுகர்வோர் வியாபாரத்தையே விட்டு வெளியேறப் போறதா அந்த டிசம்பர்ல அறிவிச்சது. நல்லவேளை, நமக்கு வேண்டியது யாருமே சீண்டாத டிடிஆர்3. ஒரு ஆன்லைன் கடையில 4 ஜிபி ரெண்டு குச்சி ஆர்டர் பண்ணினேன். ஜி41 போர்டு ரெண்டு ஸ்லாட், அதிகபட்சம் 8 ஜிபி. கணக்கு கச்சிதம். எஞ்சினியர்டா நான்னு ஒரு மிதப்பு வேற.

அந்த ரெண்டாவது ஸ்லாட்தான் நான் அப்புறம் வர்றேன்னு சொன்ன விஷயம்.

2012. நான் பத்தாவது. கூடப் படிச்ச ஒருத்தன் அவங்க மாமா கடையில கிடந்த 1 ஜிபி ராம் ஒண்ணைக் குடுத்தான். இதைச் சொருகினா கேம் பறக்கும்டான்னான். அப்பா அச்சகத்துக்கும் அம்மா ரேஷன் கடைக்கும் போயிருந்த நேரமாப் பார்த்து மூடியைக் கழட்டினேன். ரெண்டாவது ஸ்லாட் காலியாத்தான் இருந்துச்சு. வெச்சு அழுத்தினேன். இறங்கலை. இன்னும் அழுத்தினேன். டிடிஆர்2-க்கும் டிடிஆர்3-க்கும் நீளம் ஒண்ணு, பின் எண்ணிக்கையும் 240 ஒண்ணுதான், ஆனா நடுவுல இருக்கற வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும். தப்பா மாட்டிடக் கூடாதுன்னுதான் அந்த வெட்டே. பதினஞ்சு வயசுப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? முட்டி போட்டு, ரெண்டு கட்டை விரலையும் வெச்சு முழு பலத்தோட ஒரு அழுத்து. டிக்குனு ஒரு சத்தம். ஸ்லாட்டோட ஓரத்துல இருந்த வெள்ளை கிளிப் உடைஞ்சு என் மடியில விழுந்துச்சு.

கிளிப்பைக் கொண்டு போய்ச் சாக்கடையில போட்டேன். மூடியைப் பூட்டினேன். பொட்டி ஓடுச்சு. யார்கிட்டயும் சொல்லலை.

அடுத்த வருஷம் அப்பாவே ராம் கூட்டலாம்னு சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார். நான் உள் ரூம்ல புஸ்தகத்தைத் தலைகீழா வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவர் கழட்டிப் பார்த்தார், ரெண்டு பேரும் வாசல்ல நின்னு ஏதோ பேசினாங்க. அப்பா உள்ள வந்து, "இதுக்கு மேல சேர்க்க முடியாதாம்ப்பா"ன்னார். அவ்வளவுதான். தப்பிச்சோம்டா சாமின்னு புஸ்தகத்தை நேராத் திருப்பினேன். அதுல இருந்து பதிமூணு வருஷமா அவர் அதே 2 ஜிபியில எழுத்துக்கு எழுத்து காத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கார். நானும் ஊருக்குப் போறப்பல்லாம் டெம்ப் பைலை அழிச்சுட்டு, "இப்பப் பாருங்க, வேகமா இருக்கும்"னு சொல்லிட்டு பஸ் ஏறிடுவேன்.

பொதிகையில ஏறி, போகி அன்னிக்கு விடிகாலையில சிவகாசியில இறங்கினேன். காபி குடிச்சதும் பொட்டியைக் கீழே இறக்கியாச்சு. வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு மிச்ச மின்சாரத்தையும் வடிச்சு, இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடம்புல இருக்கற ஸ்டாட்டிக்கையும் இறக்கியாச்சு. வீடியோல பார்த்த அத்தனையும் செஞ்சேன். உள்ளே தூசி ஒரு போர்வையாட்டம். அப்பா பெயின்ட் பிரஷ்ஷைக் குடுத்தார்.

ரெண்டாவது ஸ்லாட்ல அந்த மொட்டை ஓரம் அப்படியே இருந்துச்சு. அப்பா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கார். நான் உடம்பைக் குறுக்கி அந்தப் பக்கத்தை மறைச்சுக்கிட்டேன். இருபத்தெட்டு வயசுல!

முதல் ஸ்லாட்ல புதுக் குச்சியைப் போட்டு ஆன் பண்ணினேன். கீ...ங். கீ...ங். கீ...ங். திரை கருப்பு. இன்னொரு குச்சி. அதே கீ...ங். சரி, கழட்டிட்டுப் பழைய 2 ஜிபியையே போடுவோம்னு போட்டா, அதுக்கும் கீ...ங்.

எனக்கு வேர்த்துருச்சு. சனிக்கிழமை அச்சகம் திறந்ததும் ரெண்டு பத்திரிகை பைல் போயாகணும். இது வரைக்கும் மெதுவாவாவது ஓடின பொட்டியை மகன் வந்து நிறுத்திட்டான். அம்மா சமையக்கட்டுல இருந்து எட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிடுச்சு. அது திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

அப்பா டிராயரைத் திறந்து ஒரு பென்சில் ரப்பரை எடுத்தார். "அந்த மஞ்சப் பல்லை ரெண்டு பக்கமும் தேய். சர்வீஸ்காரர் அப்படித்தான் பண்ணுவார்"னார். தேய்ச்சேன். தூளை ஊதிட்டு மாட்டினேன். ஒரே ஒரு குட்டி பீப். விண்டோஸ் வந்துருச்சு. நாலு வருஷ பி.இ.யில இதை யாரும் சொல்லிக் குடுக்கலை மக்களே.

விண்டோஸ் எந்திரிக்க எப்படியும் ஆறேழு நிமிஷம் ஆகும். சும்மா இருக்கற நேரத்துல அப்பாவுக்கு ராம்னா என்னன்னு விளக்க ஆரம்பிச்சேன். மேசை, பரண், அது இதுன்னு. அவர் கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "கேஸ்ல எழுத்து தீர்ந்து போற மாதிரின்னு சொல்லு"ன்னார்.

புரியலை எனக்கு. அவர் சொன்னது இது. கம்போஸிட்டர் முன்னால சாய்வா எழுத்துக் கேஸ் இருக்கும், அறை அறையா. இடது கையில ஸ்டிக்கைப் பிடிச்சுக்கிட்டு வலது கையால ஒவ்வொரு எழுத்தா எடுத்துக் கோக்கணும். ஒவ்வொரு அறையிலயும் இத்தனை எழுத்துதான்னு அளவு உண்டு. கல்யாணப் பத்திரிகைன்னா முதல்ல தீர்றது 'தி'யும் 'ரு'வும். திருநிறைசெல்வன், திருவளர்செல்வி, திருமணம், திருவாளர், ஒரு பக்கத்துக்குள்ள எத்தனை 'திரு'! தீர்ந்து போச்சுன்னா அடுத்த பத்திரிகைக்குக் கை வைக்க முடியாது. கோத்து முடிச்ச பாரத்தை மெஷின்ல ஏத்தி, அடிச்சு, இறக்கி, மை துடைச்சு, எழுத்தைத் திரும்ப ஒவ்வொண்ணாப் பிரிச்சு அறையில போடணும். அப்புறம்தான் அடுத்தது. "பாதி நாள் கோக்குறது, பாதி நாள் பிரிச்சுப் போடுறது. பெரிய அச்சகத்துல எழுத்து நிறைய வாங்கி வெச்சிருப்பான், அவன் பாட்டுக்குக் கோத்துக்கிட்டே இருப்பான். எங்க முதலாளி வாங்க மாட்டார்."

அவர் வேலைக்குச் சேர்ந்தப்ப 1978 எழுத்துச் சீர்திருத்தம் வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்துச்சாம். தும்பிக்கை போட்ட பழைய 'லை', 'னை' எல்லாம் கேஸோட ஒரு மூலையில சும்மா கிடந்து இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்குமாம். மெமரி லீக் அப்படின்னு நான் நினைச்சுக்கிட்டேன், சொல்லலை.

புதுக் குச்சி ஏன் ஓடலைன்னு போன்ல தேடிப் பார்த்தேன், பிடிபடலை. மறுநாள் பொங்கல், அப்புறம் மாட்டுப் பொங்கல், கடையெல்லாம் அடைச்சிருவாங்க. சாயங்காலம் அந்த சர்வீஸ்காரர் கடைக்கே போனேன். முன்னாடி வாசல்ல கீபோர்டு மலை. உள்ளே அவர் ஷட்டரை இறக்கத் தயாரா நின்னார்.

என் குச்சியைக் கையில வாங்கினவர் லேபிளைக் கூடப் படிக்கலை. கருப்புச் சில்லை விரலால எண்ணினார். "எட்டு. ஜி41-ல எட்டு ஓடாது தம்பி. பதினாறு வேணும்."

பிறகு வீட்டுக்கு வந்து படிச்சதுல கணக்கு விளங்குச்சு. அந்தக் காலத்து ஜி41 சிப்செட்டுக்கு ஒரு சில்லுல 2 ஜிகாபிட், அதாவது 256 எம்பி வரைக்கும்தான் பேசத் தெரியும். 4 ஜிபி வேணும்னா பதினாறு சில்லு வேணும், பக்கத்துக்கு எட்டா. பின்னாடி வந்த குச்சிகள்ல ஒரு சில்லே 512 எம்பி, எட்டுலயே 4 ஜிபி முடிஞ்சிடும். அதை இந்தப் போர்டுக்குப் புரியாது. பதினாறு இருந்தும் ஏஎம்டி போர்டுல மட்டும் ஓடற மலிவுக் குச்சின்னு ஒரு வகை வேற இருக்காம், அதையும் எடுத்துட்டு வந்து நிறைய பேர் முழிப்பாங்களாம். நானும் வாங்குறதுக்கு முன்னாடி டிடிஆர்3-யான்னு பார்த்தேன், 4 ஜிபியான்னு பார்த்தேன், சில்லை எண்ணணும்னு தோணவே இல்லை.

பழைய மெஷின்ல இருந்து கழட்டிப் போட்ட குச்சிகள் ஒரு ஸ்வீட் டப்பா நிறைய வெச்சிருந்தார். அதுல தேடி, எண்ணி, பதினாறு சில்லுல ரெண்டு 4 ஜிபி எடுத்து அங்கேயே ஒரு போர்டுல போட்டு ஓட்டிக் காட்டினார். ரெண்டும் ஆயிரத்து நூறு ரூபாய்.

காசை வாங்கிட்டு, "ஆனா ரெண்டாவது ஸ்லாட்டுல கிளிப் இல்லையே. அப்பவே போர்டை மாத்தச் சொன்னேன், அப்பாதான் வேணாம்னுட்டாரு"ன்னார்.

"அப்பாவுக்குத் தெரியுமாண்ணே?"

"நான்தானே காட்டினேன். பையன் எதையோ சொருகிப் பார்த்திருக்கான்னேன். சரி விடுங்க, அவன்கிட்ட கேக்காதீங்கன்னாரு."

திரும்பி வர்ற வழியெல்லாம் தெருவுல பழைய பாய், டயர்னு போகிக்கு எரிச்ச சாம்பல். நடந்தே வந்தேன். ஆட்டோ எல்லாம் கண்ணுல படவே இல்லை.

வீட்டுல முதல் ஸ்லாட்ல ஒரு குச்சி போட்டாச்சு, ஓடுது. ரெண்டாவதை எடுத்து மொட்டை ஓரத்துல வைக்கிறப்ப மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லை. "அப்பா, இந்தக் கிளிப்பை உடைச்சது நான்தான்"னேன்.

"தெரியும்"னார் ஸ்டூல்ல இருந்து. "போர்டு மாத்த மூவாயிரம் கேட்டாப்ல. உனக்கு ப்ளஸ் ஒன் பீஸ் கட்ட வேண்டியிருந்துச்சு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேப்பா?"

"கேட்டா நீ இல்லைன்னு சொல்லுவ. எதுக்கு உன்னைப் பொய் சொல்ல வைக்கணும்?"

நான் குச்சியையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அவர் எந்திரிச்சுப் போயி, பத்திரிகை வெட்டி மிச்சமான அட்டைத் துண்டு ஒண்ணை எடுத்து வந்து, மடிச்சு, கிளிப் இருந்த இடத்துல குச்சிக்கும் தூணுக்கும் நடுவுல சொருகினார். கொஞ்சம் லூஸ். இன்னொரு மடிப்பு மடிச்சார். இறுகிருச்சு. வரி லூஸா இருந்தா நடுவுல பேப்பர் வெச்சு இறுக்கறது அந்தக் காலத்து வழக்கமாம். ஆட்டிப் பார்த்தேன், அசையலை. உண்மையில கிளிப்போட வேலை பிடிச்சு வைக்கறதும் வெளியே தள்ளறதும் மட்டும்தான், மின்சாரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. முழுசா இறங்கி உக்காந்துட்டா, பொட்டியைத் தூக்கி ஆட்டாத வரைக்கும் போதும். பதினஞ்சு வயசுல நான் அதைத் தெரிஞ்சு வெச்சிருந்தா பதிமூணு வருஷம் மிச்சமாயிருக்கும்.

பயாஸ்ல 8192 எம்பின்னு காட்டுச்சு. விண்டோஸ்ல 3 ஜிபி சொச்சம்தான் பயன்படும்னு காட்டுச்சு. இது எதிர்பார்த்ததுதான். 32 பிட்னா 4,294,967,296 முகவரிதான், அதுலயும் கிராபிக்ஸும் மத்த சாதனங்களும் பங்கு எடுத்துக்கும். 64 பிட்டுக்கு மாத்தணும்னா மேலேயே ஏத்த முடியாது, துடைச்சுட்டுப் புதுசாத்தான் போடணும். போகி நல்ல நாள்தானே! எழுத்துரு போல்டரையும் பத்திரிகை பைல் மொத்தத்தையும் ரெண்டு பென் டிரைவ்ல எடுத்தேன். ஒண்ணை அப்பா வாங்கிச் சாமி ரூம்ல வெச்சார். ராத்திரி மெம்டெஸ்ட் ஓட விட்டுட்டுப் படுத்தேன். காலையில பொங்கல் பொங்கும்போது பார்த்தா பிழை பூஜ்யம்.

அன்னிக்கு மத்தியானம் 64 பிட் விண்டோஸ் 10 போட்டு, எழுத்துருவெல்லாம் திரும்ப ஏத்தி, பேஜ்மேக்கரையும் போட்டு முடிச்சேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிருச்சு, 11-க்குப் போக இந்த மெஷினுக்கு வழியே கிடையாது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரைக்கும் வாங்கிக்க வழி இருந்துச்சு, பதிஞ்சு வெச்சேன். அதுக்கப்புறம் இணையத்தைப் பிடுங்கிட்டு இதைப் பத்திரிகைக்கு மட்டும்னு வெச்சுடலாம்னு இருக்கேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. (இனி எதையும் மறைக்க மாட்டேன்னு நான் ஒண்ணும் சத்தியம் பண்ணலையே!)

மாட்டுப் பொங்கல் அன்னிக்குக் காலையில அஞ்சரைக்கு முழிப்பு வந்து பார்த்தா அப்பா ஏற்கனவே பொட்டி முன்னால. பிரவுசர்ல வாட்ஸப் மேட்டர் திறந்து கிடக்கு, பக்கத்துல பேஜ்மேக்கர். தடதடன்னு அடிக்கிறார். எழுத்து கூடவே வருது. நான் நின்னு பார்க்கிறதைக் கவனிச்சிட்டு, "இப்படி வா, இதுல பிழை இருக்கான்னு பாரு. கண்ணாடி போட்டும் மங்கலாத் தெரியுது"ன்னார்.

குனிஞ்சு படிச்சேன். "திருவளர்ச்செல்வி"ன்னு அடிச்சிருந்தார். அந்த 'ச்' வராதுன்னேன்.

"வேகமா வருதுல்ல, கை நிக்க மாட்டேங்குது"ன்னு சொல்லிட்டு அந்த 'ச்'சை எடுத்தார்.